ஒரே வெயிலில் பல ஊர் வீடுகள்

கர்நாடகத்தின் இல்கல் ஊர் நெசவாளர் வீட்டுக்குக் கூரை தட்டை. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டுக்கோ ஓட்டுக்கூரை. உச்சியிலிருந்து மளமளவென்று சரிந்து, சுவரைத் தாண்டிக் கீழே வந்து நிற்கிறது. சொந்த மண்ணில் இவ்விரண்டுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர் தூரமும் மேற்குத் தொடர்ச்சி மலையும் இருக்கின்றன. ஆனால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடலாம்.

இரண்டு கூரைகளும் வேறுபடுவதற்கு முதல் காரணம் மழை. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மி.மீ. அளவுக்குக் கொட்டுகிறது. மலைக்கு மறுபுறம் மழை மறைவில் கிடக்கும், இல்கல் இருக்கும் பாகல்கோட்டைப் பக்கம் 600 மி.மீ. வந்தாலே அது நல்ல ஆண்டு. கொட்டுகிற நீரை நொடியும் தங்கவிடாமல் வழித்துவிட வேண்டும் என்கிற ஊரில் கூரை செங்குத்தாகிறது. எப்போதாவது பெய்கிற ஊரில் கூரையைத் தட்டையாக்கி மண் பரப்பி, தானியம் காயப்போடவும் கோடையில் படுக்கவும் வைத்துக்கொள்கிறார்கள்.

திறந்தவெளி அருங்காட்சியகம் என்றால் பழைய பொருட்களைப் பார்த்துவிட்டு, பாவைக்கூத்து ரசித்துவிட்டு, வளையல் வாங்கிக்கொண்டு திரும்பும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடமும் ஒளிந்திருக்கிறது. வெவ்வேறு தட்பவெப்பத்துக்காகக் கட்டிய வீடுகள் இங்கே ஒரே வெயிலில், ஒரே கடற்காற்றில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. வெளிச்சூழலை மாறாமல் வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை இது. தனியொருவர் செய்து பார்க்க முடியாத சோதனை.

பெயர்த்து வந்தவை, திரும்பக் கட்டியவை

கட்டடங்களையே காட்சிப் பொருளாக்கும் எண்ணம் ஸ்காண்டிநேவியாவில் தோன்றியது. ஸ்வீடனின் ஆர்தர் ஹசேலியஸ், தொழில்மயத்தில் கிராம வாழ்க்கை கரைந்துபோவதைக் கண்டு, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பெயர்த்துவந்து 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் அருங்காட்சியகத்தைத் திறந்தார். இந்தியாவில் போபாலின் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் சுமார் 200 ஏக்கரில் பழங்குடி மக்களின் வீடுகளைக் காட்டுகிறது. தென்னிந்திய வீடுகளுக்கென்று அமைந்தது தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், சுமார் பத்து ஏக்கரில் இதை உருவாக்கி 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ் வேலையைத் தொடர்ந்தார்.

ஒரு வீட்டைப் பெயர்ப்பது எப்படி? முதலில் அளந்து வரைபடம் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு உத்தரத்துக்கும் தூணுக்கும் பலகைக்கும் எண் கொடுத்து, மேலிருந்து கீழாகப் பிரிப்பார்கள். லாரியில் ஏற்றிவந்த பின், எண் வரிசைப்படி கீழிருந்து மேலாகத் திரும்பப் பூட்டுவார்கள். கேரளத்து மர வீடுகள் இதற்கு வாகானவை. அவற்றில் ஆணி குறைவு. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு, இரண்டையும் இறுக்க ஒரு மரமுளை. தச்சர் இப்படிச் செய்ததற்கு மரத்தின் குணமே காரணம்.

மரம் வெட்டிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாட்டில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வரை போகும். ஒரு முழ அகலப் பலகையை இரும்பாணியால் இறுக்கிவிட்டால், மழைக்காலத்தில் உப்பவும் வழியின்றிக் கோடையில் சுருங்கவும் வழியின்றிப் பிளந்துவிடும். ஈரத்தில் இரும்பு துருப்பிடித்து ஆணி இருந்த துளையும் தளரும். நாக்கும் துளையுமாகக் கோத்த மூட்டு, மரம் அசைய இடம் விட்டுப் பிடித்துக்கொள்கிறது. மழைக்காலத்தைச் சமாளிக்கச் செய்த இந்த ஏற்பாடுதான், 1850 வாக்கில் கட்டிய புதுப்பள்ளி வீட்டை ஒன்றரை நூற்றாண்டு கழித்து வங்கக்கடலோரம் கொண்டுவந்து நிறுத்தவும் உதவியது.

மண்சுவரை இப்படிப் பிரிக்க முடியாது. பெயர்த்தால் அது வெறும் மண்தான். அதனால் மண் வீடுகளை அந்தந்த ஊர்க் கைவினைஞர்களின் முறைப்படி இங்கேயே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அசல் மரம் நின்றாலே அது அசல் வீடு என்று பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால், மண் வீடு அதன் சொந்த ஊரிலும் ஆண்டுதோறும் கரைந்து, ஆண்டுதோறும் பூசப்பட்டுத்தான் நிற்கிறது. அங்கே பழையதாக இருப்பது செய்முறை மட்டுமே.

சுவருக்குள் நடக்கும் வெப்பம்

இல்கல் வீட்டின் கற்சுவர் தடிமனானது. வெயில் அதன் வெளிமுகத்தைச் சுட்டதும் வெப்பம் உடனே உள்ளே வந்துவிடாது. முதல் அடுக்கு சூடாகி, அடுத்த அடுக்குக்குக் கொடுத்து, அது அதற்கடுத்ததற்குக் கொடுத்து, மெல்ல மெல்ல நகரும். வழியில் ஒவ்வோர் அடுக்கும் தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைக் கணக்கிடலாம். பகல் வெப்பம், இரவுக் குளிர்ச்சி என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வெப்பநிலை, மண்சுவருக்குள் ஒவ்வொரு 12 செ.மீ. ஆழத்துக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதே 12 செ.மீ.க்கு உச்சம் வந்துசேரச் சுமார் நான்கு மணி நேரம் தாமதமாகிறது. ஒன்றேகால் அடிக்குச் சற்றே குறைவாக, 36 செ.மீ. தடிமனுள்ள மண்சுவரில் இது மூன்று முறை நடக்கும். வெளிமுகத்தில் 20 டிகிரி ஏறி இறங்கினால், உள்முகத்தில் அது ஒரு டிகிரி அளவுக்கே தெரியும். பிற்பகல் இரண்டு மணி உச்சம் உள்ளே எட்டிப்பார்க்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். கருங்கல் வெப்பத்தை இன்னும் வேகமாகக் கடத்தும் என்பதால் அதே பலனுக்கு இன்னும் கனமான சுவர் வேண்டும். இல்கல் பக்கத்து வீடுகளில் சுவர்கள் அவ்வளவு பருமனாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நள்ளிரவில் வந்துசேரும் வெப்பம் தொல்லை தராதா? தக்காணப் பீடபூமியில் தராது. அங்கே காற்றில் ஈரம் குறைவு, மேகம் குறைவு. வெயில் சாய்ந்ததும் தரையும் கூரையும் வானத்தை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து வேகமாகக் குளிர்கின்றன. பகலுக்கும் இரவுக்கும் நல்ல வித்தியாசம் இருப்பதால், சுவர் சேர்த்துவைத்ததை இரவுக் காற்றில் இறக்கிவைத்துவிட்டு மறுநாளுக்குத் தயாராகிறது. வீட்டுக்காரர் இரவில் மாடிக்குப் போய்ப் படுத்துவிடுவார்.

வீட்டுக்குள் இருக்கும் குழித்தறியும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி மிதிகளை இயக்குகிறார். பாவு தரையை ஒட்டி ஓடுகிறது. பருத்தி நூல் ஈரம் ஏறும்போது வலுக்கும், வறண்டால் எளிதில் அறும். வறண்ட ஊரில், வெயில் புகாத தடித்த சுவருக்குள், மண்தரையின் ஈரத்தை ஒட்டித் தறியை இறக்கியது நூலுக்குச் செய்த சலுகை. சன்னல்கள் சிறியவை. வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரு திறப்பு போதும்.

காற்றை நம்பும் வீடு

தடித்த சுவர் நல்லதென்றால் கேரளத்து வீடுகள் ஏன் மரப்பலகையில் நிற்கின்றன? அங்கே மரம் கிடைத்தது என்பது பாதி விடை. மீதி பாதி இரவில் இருக்கிறது. கேரளக் கடலோரத்தில் காற்று ஈரத்தால் கனத்திருக்கும். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வித்தியாசம் கொஞ்சம்தான். பகலில் சேர்த்ததை இறக்கிவைக்கக் குளிர்ந்த இரவு கிடைக்காத ஊரில், கனத்த சுவர் படுக்கையறையை இரவெல்லாம் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். மெல்லிய பலகைச் சுவரோ எதையும் சேர்த்துவைப்பதில்லை. வெயில் போனதும் அதன் சூடும் போய்விடும்.

ஈரக்காற்றில் உடம்புக்கு வேண்டியது காற்றோட்டம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அசையாத ஈரக்காற்றில் தோலை ஒட்டிய படலம் நீராவியால் நிறைந்து, ஆவியாதல் தடைப்படுகிறது. மெல்லிய காற்று அந்தப் படலத்தைக் கலைத்துவிட்டால், வெப்பமானி ஒரு கோடுகூட இறங்காமலே உடம்புக்குச் சில டிகிரி குறைந்தது போலிருக்கும். கேரள வீட்டில் மரச்சட்டங்களால் ஆன அழிகளும், கூரையின் இரு முனைகளிலும் முக்கோண முகப்பில் விட்டிருக்கும் திறப்புகளும் இந்த வேலைக்குத்தான். ஓட்டின் சூட்டில் மேலேறும் காற்று அந்தத் திறப்பு வழியே வெளியேற, கீழே அழி வழியே புதுக்காற்று நுழைகிறது. அறைகளுக்கு மேல் மரத்தாலான மச்சு. ஓட்டுக்கும் மச்சுக்கும் இடையில் காற்று நிரம்பிய பெரிய வெளி. வெயில் பட்ட ஓட்டின் சூடு நேரே தலையில் இறங்காமல் அது தடுக்கிறது.

புதுப்பள்ளி வீட்டில் நுழைந்ததும் எதிரே நிற்பது நெல் அறை. வீட்டின் ஆகச் சிறந்த மரவேலை அங்கேதான். கேரள மழையில் நெல்லை ஈரம் படாமல் காப்பாற்றுவது, மனிதர்களைக் காப்பாற்றுவதற்குக் குறையாத கட்டடப் பிரச்சினை. தரையிலிருந்து உயர்த்தி, தடித்த பலகைகளால் நெருக்கமாக அடைத்த அறை அதற்கான விடை. மரமே காற்றின் ஈரத்தைச் சற்று வாங்கிக் கொடுத்து, உள்ளே நடக்கும் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்துகிறது.

அருகே நிற்கும் கோழிக்கோடு வீடு இரண்டு முறைகளையும் கலக்கிறது. அதில் செம்புரைக்கல்லும் உண்டு, மரமும் உண்டு. கேரளத்தில் வெட்டுக்கல் என்று அழைக்கப்படும் இந்தக் கல்லை, மலப்புறத்து அங்காடிப்புரத்தில் கண்டு 1807-இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் பிரான்சிஸ் புக்கானன். பூமிக்குள் இருக்கும்போது கோடரியால் செதுக்கும் அளவுக்கு மென்மை. வெட்டி வெளியே போட்டதும் அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் உலர்ந்து இறுகிக் கல் கெட்டிப்படும். அடுப்பும் விறகும் கேட்காத செங்கல் என்று சொல்லலாம்.

முற்றம் எப்போது குளிரும்?

தமிழ்நாட்டுப் பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூர் அக்கிரகார வீடும் செட்டிநாட்டு வணிகர் வீடும் முற்றத்தைச் சுற்றி எழுந்தவை. முற்றம் வைத்தால் வீடு குளிரும் என்பது இன்று விளம்பர வாசகம் ஆகிவிட்டது. எப்போது குளிரும், எப்படிக் குளிரும் என்று கேட்டால் விடை கொஞ்சம் சிக்கலாகிறது.

வெயில் அடங்கிய பின் முற்றத்துத் தரையும் சுற்றியுள்ள கூரைகளும் திறந்த வானத்தை நோக்கி அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை அனுப்புகின்றன. வளிமண்டலம் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களைப் பெருமளவு தடையின்றி விடுகிறது. அந்தச் சாளரம் வழியே வீட்டின் சூடு விண்வெளி வரை போகிறது. குளிர்ந்த கூரையைத் தொட்ட காற்று கனத்து, சரிவு வழியே வழிந்து முற்றத்துக்குள் இறங்கித் தேங்குகிறது. காலையில் வெயில் அந்தக் குழியின் அடியைத் தொடும் வரை அந்தக் குளிர்ச்சி தங்கும். நண்பகலில் முற்றம் சூடேறியதும் அங்குள்ள காற்று மேலெழும்பி, தெருவிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்றை இழுக்கும்.

இதில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால்தான் அந்தச் சாளரம் நன்றாகத் திறக்கும், ஏனென்றால் நீராவியும் மேகமும் அதை அடைத்துவிடும். சிவகங்கைச் சீமையின் வறண்ட இரவுகளில் நன்றாக வேலை செய்கிற முற்றம், கடலோரத்துப் புழுக்கமான இரவில் அவ்வளவு செய்யாது. இரண்டாவது, முற்றம் ஆழமாக இருக்க வேண்டும். அகலம் கூடி உயரம் குறைந்தால் வெயில் நாள் முழுக்க உள்ளே நின்று, அது வெறும் வெட்டவெளியாகிவிடும்.

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 முதல் 13 பாகைக்குள் அடங்குவது. கோடை நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதன் முழுத் தாக்குதலும் கூரைக்குத்தான். சுவர்களில் அடிபடுபவை காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும். அக்கிரகாரத்தில் வீடுகள் பக்கச் சுவர்களைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக ஒட்டி நிற்கின்றன. தெரு கிழக்கு மேற்காக ஓடினால், ஒவ்வொரு வீட்டின் கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் பக்கத்து வீடே குடை. வெயிலுக்குத் திறந்திருப்பது வாசலும் கொல்லையும் மட்டும். வாசலில் திண்ணையும் தாழ்வாரமும் நிழலைப் பிடித்துக்கொள்ள, ரேழி, கூடம், முற்றம் என நேர்கோட்டில் கொல்லை வரை காற்றுக்கு வழி இருக்கும். வீட்டின் நீளத்தைப் பற்றிய கேலிகள் ஆயிரம் உண்டு. அந்த நீளம் வெயிலைக் குறைத்து வாங்க உதவியது.

செட்டிநாட்டு வீட்டில் பார்ப்பவர்கள் கட்டாயம் செய்வது, தூணைத் தடவிப் பார்ப்பது. வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சையும் பர்மா தேக்கையும் கருங்கல்லையும் அடுத்தடுத்துத் தொட்டால், கல் சில்லென்றும் தேக்கு சாதாரணமாகவும் தோன்றும். நெடுநேரம் ஒரே நிழலில் நிற்கும் கல்லுக்கும் மரத்துக்கும் வெப்பநிலை ஒன்றுதான். வித்தியாசம் நம் விரலில் நடக்கிறது. கல் விரலின் சூட்டை விறுவிறுவென்று உறிஞ்சிக்கொள்கிறது, மரம் அவ்வளவு வேகமாக எடுப்பதில்லை. தோல் அளப்பது பொருளின் வெப்பநிலையை அன்று. தன்னைவிட்டுச் சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை. கல்தரையில் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு அறை குளிர்ந்திருப்பது போலப் படுவது இதனால்தான்.

அந்தப் பூச்சிலும் வேதியியல் இருக்கிறது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாகிறது. கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று கொத்தனார்கள் சேர்த்தவற்றை வெறும் நம்பிக்கை என்று தள்ள முடியாது. சர்க்கரை சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டுகிறது. புரதம் சாந்துக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களைப் பிடித்துவைத்து, இழைக்க இலகுவாக்குகிறது. கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்கும்போது மேற்பரப்பின் நுண்துளைகள் அடைபட்டு, பளிங்கு போன்ற மினுமினுப்பு வருகிறது. வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியும் அனுப்பிவிடுகிறது.

மூலை இல்லாத வீடு

ஆந்திரப் பகுதியில், விசாகப்பட்டினம் கடலோரத்து ஹரிபுரம் ஊரின் வட்ட வீடு நிற்கிறது. மண்சுவர், கூம்புக் கூரை, தரையை எட்டும் அளவுக்குத் தாழ்ந்த ஓலை விளிம்பு. குனிந்துதான் நுழைய வேண்டும்.

அது புயல் தாக்கும் கரை. 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் நேராக விசாகப்பட்டினத்தின் மேல் ஏறியது. பலத்த காற்று ஒரு பெட்டி வடிவ வீட்டைத் தாண்டும்போது மூலைகளிலும் கூரை விளிம்புகளிலும் சட்டென்று பிரிகிறது. பிரியும் இடத்தில் அழுத்தம் சரிந்து, கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. புயலில் கூரைகள் உள்ளே நொறுங்குவதைவிட மேலே பிய்த்துக்கொண்டு பறப்பது அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான். வட்டச் சுவரில் காற்று வழுக்கிச் சுற்றிப் போகிறது. சரிவுக் கூரைகளில், இரண்டு பக்கம் மட்டும் சரிவதைவிட நான்கு பக்கமும் சரிவது காற்றைத் தாங்கும். எல்லாப் பக்கமும் சரிவதே கூம்பு. ஓலை தரை வரை இறங்கியிருப்பதால் காற்று அடியில் கையைவிட்டுத் தூக்கவும் இடமில்லை. அதே தாழ்ந்த விளிம்பு, மண்சுவரின் ஜென்ம விரோதியான மழைச்சாரலையும் தடுத்துவிடுகிறது.

மண்சுவர் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அசைவில் விரிசல் முதலில் மூலையில் விழும். வட்டத்துக்கு மூலை கிடையாது. 2001 ஜனவரி பூகம்பத்தில் கட்ச் பகுதியின் புங்கா எனப்படும் வட்ட வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்ததிலும் இந்த வடிவத்துக்குப் பங்குண்டு. சிக்கனமும் சேர்கிறது. ஒரே பரப்புள்ள தரையை வளைக்க, வட்டத்தைவிடச் சதுரத்துக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் சுவர் வேண்டும். கையால் மண் குழைத்துக் கட்டுகிற குடும்பத்துக்கு அது சில நாள் உழைப்பு. பதிலுக்கு இழப்பது, பெட்டிகளும் கட்டில்களும் அணைந்து நிற்க ஒரு நேர்ச்சுவரை.

குடியில்லாத வீட்டின் நோய்கள்

ஊர் மாறிய வீட்டுக்குப் புதிய தொல்லைகள் வருகின்றன. முட்டுக்காட்டுக் காற்றில் உப்புத்துகள் மிதக்கிறது. அது செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றின் நுண்துளைகளில் ஈரத்தோடு நுழைந்து, உலரும்போது படிகமாகி, உள்ளிருந்து நெம்பிப் பூச்சை உதிர்க்கும். இரும்பை அரிக்கும். கேரள ஈரத்துக்குப் பழகிய மரம் சென்னைக் கோடையில் சுருங்கிப் பழைய மூட்டுகளில் இடைவெளி காட்டும். கறையான் எல்லா வீட்டுக்கும் பொது எதிரி.

இவற்றைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. இந்த வீடுகளில் யாரும் குடியிருப்பதில்லை. விறகடுப்பின் புகை ஓலையிலும் உத்தரத்திலும் கரியாகப் படிந்து பூச்சிகளை விரட்டி வந்தது. சாணம் மெழுகிய கை, தரையின் வெடிப்பை அன்றன்றே அடைத்து வந்தது. காலையில் திறந்து வெயிலேறியதும் சாத்திய சன்னல்கள்தான் தடித்த சுவருக்குப் பயன் தந்தன. அருங்காட்சியக வீட்டில் அடுப்பெரிவதில்லை. சன்னல்கள் பார்வையாளர் நேரத்துக்கு ஏற்பத் திறந்து மூடுகின்றன. ஆகவே, நீங்கள் உள்ளே நின்று உணரும் வெப்பத்தை வைத்து அந்த வீட்டுக்கு மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. பாதி இயந்திரம் வீட்டில் இருந்தது, மீதி குடியிருந்தவர்களின் பழக்கத்தில் இருந்தது. அந்தப் பழக்கத்தின் பாரத்தைச் சுமந்தது பெரும்பாலும் பெண்கள். ஓலையைக் காத்த அதே புகைதான் அடுப்படியில் அவர்கள் நுரையீரலுக்குள்ளும் போனது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நூறு ஆண்டு நின்ற வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லாரும் நன்றாகக் கட்டினார்கள் என்று முடிவுகட்டுவது புள்ளியியல் பிழை. மோசமாகக் கட்டியவை விழுந்துபோயின. அவை அருங்காட்சியகத்துக்கு வருவதில்லை. பர்மா தேக்கு வாங்க முடிந்தவரின் வீடு நிற்கிறது. தீப்பிடித்த கீற்றுக் குடிசைகளின் கணக்கு யாரிடமும் இல்லை. குயவர் வீடும் அக்கிரகார வீடும் இங்கே ஒரே வளாகத்தில் நிற்பது காட்சி வசதிக்காக. சொந்த ஊர்களில் அவற்றுக்கிடையே இருந்த தூரத்தைத் தீர்மானித்தது தட்பவெப்பம் இல்லை, சாதி.

எதை எடுத்துக்கொள்வது?

மண்சுவருக்குப் போட்ட அதே கணக்கை நம் வீட்டு ஆர்.சி.சி. கூரைக்கும் போட்டுப் பார்க்கலாம். ஐந்து அங்குலக் கான்கிரீட்டில் வெப்பம் கீழே வரச் சுமார் மூன்று மணி நேரம்தான் ஆகும். பிற்பகல் உச்சம் மாலையில், அதுவும் பெரிதாக மட்டுப்படாமல், அறைக்குள் இறங்குகிறது. அதற்குப் பிறகும் தளம் தன்னிடம் சேர்ந்ததை இரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு மின்விசிறி போட்டால் அனல் வீசுவது இதனால்தான். பகலில் தடுக்கப் போதிய கனமும் இல்லை, இரவில் உடனே குளிரும் அளவுக்கு மெலிவும் இல்லை. இல்கல் சுவரும் புதுப்பள்ளிப் பலகையும் எதிரெதிர்த் திசைகளில் தப்பித்துக்கொண்ட பொறியில், நாம் நட்டநடுவே மாட்டிக்கொண்டோம். குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா நெறிமுறை, கூரை வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக் கூடாது என்கிறது. மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக விடுகிறது.

இதற்கு மருந்து அந்த வீடுகளிலேயே இருக்கிறது, தோற்றத்தில் அல்லாமல் கணக்கில். வெள்ளையடித்த மொட்டைமாடி, செட்டிநாட்டுச் சுண்ணாம்பு செய்ததையே செய்கிறது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது இந்த அடிப்படையில்தான். தளத்துக்கு மேல் ஓரடி விட்டுப் பந்தலோ கூரையோ போட்டால் அது கேரள மச்சின் காற்று வெளி. இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே இடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டை லாரி பேக்கர் கேரளமெங்கும் பரப்பினார். அது செங்கல்லில் கால்வாசியை மிச்சம் பிடித்து, அடைபட்ட காற்றால் வெப்பத்தையும் தடுக்கிறது. மேற்கு வெயிலுக்கு, பக்கத்து வீடு தந்த நிழலை ஒரு வேம்போ கொடிப்பந்தலோ தரும்.

சென்னையில் அடுக்ககத்தின் வரவேற்பறைக்குச் செட்டிநாட்டுத் தூண் வாங்கி நிறுத்துகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அழகுக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தூண் தனியே நின்று யாரையும் குளிர்விக்காது. தூணுக்குப் பின்னால் இருந்த முற்றம், அந்த முற்றத்துக்கு வேண்டிய வறண்ட இரவு, இரண்டும் இல்லாத இடத்தில் அது வெறும் மரம். தட்சிணசித்ராவில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்பும் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்த ஊரில் மழை எவ்வளவு? இரவு எவ்வளவு குளிரும்? காற்று எங்கிருந்து வரும்? தினமும் இதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? அதே நான்கையும் சொந்த வீட்டைப் பார்த்துக் கேட்டால், பெரும்பாலும் விரல் நீளும் இடங்கள் மொட்டைமாடியும் மேற்குச் சுவரும்தான். செலவை அங்கே தொடங்குங்கள். தூணைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.